நெருப்புக்குத் தப்பியவர்கள்

1991 ஜூன் 15, சனிக்கிழமை. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசான் தீவில் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த பினட்டுபோ எரிமலை உச்சகட்டமாக வெடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் தூண் 35 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பியிருந்தது. போதாக்குறைக்கு, யூன்யா என்ற புயலும் அதே நேரத்தில் மலையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளித் தீவைக் கடந்துகொண்டிருந்தது. சாம்பலும் மழையும் நடுவானில் கலந்து சேறாகப் பெய்தன.

மலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் காஸ்டியேஹோஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. வெடிப்பின் நெருப்பு அந்த ஊரைத் தொடவில்லை. ஆனால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஈரச் சாம்பல் கூரைகள்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆண்டுதோறும் புயலைப் பார்த்துப் பழகியவர்கள் அந்த ஊர் மக்கள். புயலடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தப் பழக்கமே வினையாயிற்று. நிலம் அடிக்கடி அதிர்ந்துகொண்டிருக்க, தலைக்கு மேலே கைமரங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன.

பினட்டுபோவின் சாவுக் கணக்காக வழக்கமாகச் சொல்லப்படுவது 847 பேர். இவர்களில் ஏறத்தாழ 300 பேர் வெடிப்பின்போது இறந்தவர்கள்; பெரும்பாலோர் கூரை சரிந்து நசுங்கிப் போனவர்கள். பிறகு வந்த சேற்று வெள்ளங்கள் ஏறத்தாழ 100 பேரைக் கொண்டுபோயின. மிச்சமுள்ளவர்களில் பெரும்பாலோர் இறந்தது நிவாரண முகாம்களில், நோயால். எரிமலை என்றதும் நம் மனக்கண்ணில் எழும் அந்தத் தீ மேகத்தில் அகப்பட்டவர்கள் மிகச் சிலர்.

இருபதாம் நூற்றாண்டில் இதைவிடப் பெரிய வெடிப்பு ஒன்றே ஒன்றுதான், 1912-ல் அலாஸ்காவின் நோவரப்தா. அத்தனை பெரிய வெடிப்பின் நெருப்பிலிருந்து மக்களைக் காப்பாற்ற முடிந்தது. அப்படிக் காப்பாற்றிய பிறகும் கூரைக்கடியிலும் கூடாரத்துக்குள்ளும் ஏன் நூற்றுக்கணக்கில் பறிகொடுத்தோம்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

மூன்று மாத எச்சரிக்கை

பினட்டுபோவின் சரிவுகளில் ஐட்டா என்ற பழங்குடி மக்கள் இருபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்துவந்தார்கள். மலை அவர்களுக்குத் தெய்வத்தின் இருப்பிடம். மலையில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவர்களும் அவர்கள்தாம். 1991 மார்ச்சில் நில அதிர்வுகளை உணர்ந்தார்கள். ஏப்ரல் 2 அன்று வடக்குச் சரிவில் நிலம் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து நீராவி வெடித்துக் கிளம்பியது. அவர்களிடையே பணிபுரிந்த கன்னியாஸ்திரீகள் வழியாகச் செய்தி தலைநகரை எட்டியது. பிலிப்பைன்ஸ் எரிமலை, நிலநடுக்கவியல் நிறுவனம் சில நாட்களிலேயே நில அதிர்வுமானிகளைக் கொண்டுபோய் வைத்தது. மலையைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று முதல் வட்டமும் போடப்பட்டது.

அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ரைமுந்தோ புனோங்பயான். ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறையிலிருந்து கிறிஸ் நியூஹால் தலைமையில் ஒரு சிறு குழு வந்து சேர்ந்துகொண்டது. மலைக்குக் கிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் கண்காணிப்பு நிலையம் அமைத்தார்கள். மலையின் பழைய படிவுகளில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைக் கணித்தபோது, சுமார் 5,500, 3,000, 500 ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்புகள் நடந்திருப்பது தெரிந்தது. இது அடிக்கடி வெடிக்கும் மலை இல்லை; வெடித்தால் பெரிதாக வெடிக்கும் மலை.

ஆனால் எப்போது? எரிமலையியலில் இதைவிடச் சங்கடமான கேள்வி கிடையாது. அந்தத் துறையில் இருந்த ஒவ்வொருவர் மனத்திலும் இரண்டு பழைய நிகழ்ச்சிகள் இருந்தன. 1976-ல் கரீபியத் தீவான குவாதலூப்பில் எழுபதாயிரம் பேருக்கு மேல் மாதக்கணக்கில் ஊரைக் காலி செய்தார்கள். பெருவெடிப்பு வரவே இல்லை. 1985-ல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலைக்குக் கீழே இருந்த ஆர்மேரோ நகரைக் காலி செய்யவில்லை. ஒரே இரவில் 23,000 பேர் சேற்றில் புதைந்தார்கள். அவசரப்பட்டால் கேலி, தயங்கினால் பிணக்குவியல்.

மே 13 அன்று மலையிலிருந்து நாளொன்றுக்கு 500 டன் கந்தக டையாக்சைடு வெளியேறியது. மே 28-ல் அது 5,000 டன். புதிய பாறைக்குழம்பு மேலே வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிறகு வாயுவின் அளவு திடீரென்று சரிந்தது. மலை ஓய்கிறதா, அல்லது வாயு வரும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறதா? இரண்டாவதுதான் என்று முடிவெடுத்தார்கள். ஜூன் 5-ல் மூன்றாம் நிலை எச்சரிக்கை, 7-ல் நான்காம் நிலை, 9-ல் ஐந்தாம் நிலை.

எச்சரிக்கையை நம்பவைப்பது அதைக் கணிப்பதைவிடக் கடினமாக இருந்தது. வியாபாரம் படுத்துவிடும், வீணாகப் பீதியைக் கிளப்புகிறார்கள் என்று உள்ளூர்த் தலைவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அப்போது கைகொடுத்தது ஒரு வீடியோ நாடா. பிரெஞ்சு எரிமலையாளர் மோரிஸ் கிராஃப்ட் உருவாக்கிய அந்தப் படத்தில் தீ மேகம் மலையிறங்கி ஓடுவதும், சேற்று வெள்ளம் ஊரை விழுங்குவதும் அப்படியே இருந்தன. அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். நூறு பக்க அறிக்கை செய்யாததை அது செய்தது. பினட்டுபோ உச்சகட்டமாக வெடிப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் அதே போன்றதொரு தீ மேகத்தில் சிக்கி மோரிஸ் கிராஃப்ட்டும் அவர் மனைவி காத்யாவும் உயிரிழந்தார்கள்.

ஜூன் 10 அன்று கிளார்க் தளத்திலிருந்து ஏறத்தாழ 14,500 பேர் கார்களில் வரிசை கட்டிக்கொண்டு சுபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்துக்குப் போனார்கள். ஜூன் 12 காலை 8.51-க்கு முதல் பெரிய வெடிப்பு. ஜூன் 15-க்குள் 30 கிலோமீட்டர் வட்டத்திலிருந்து சுமார் 60,000 பேர் வெளியேறியிருந்தார்கள். அன்று இறங்கிய தீ மேகங்கள் பள்ளத்தாக்குகள் வழியே 16 கிலோமீட்டர் வரை ஓடின. சில பள்ளத்தாக்குகள் 200 மீட்டர் ஆழத்துக்குத் தூர்ந்தன. அந்த வழியில் இருந்திருந்தால் எவரும் பிழைத்திருக்க முடியாது. நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில், புயலைவிட வேகமாக வரும் பாறைத் துகளுக்கும் வாயுவுக்கும் முன்னால் நிற்கக்கூடிய வீட்டை எந்தக் கொத்தனாரும் கட்டித்தர முடியாது. இங்கே ஊரைக் காலி செய்வது ஒன்றுதான் வழி. அதைச் செய்தார்கள், வென்றார்கள்.

வட்டத்துக்கு வெளியே

வரைபடத்தில் போட்ட வட்டம் தீ மேகத்துக்கு ஏற்றது. சாம்பல் அந்த வட்டத்தை மதிக்கவில்லை. காற்று போன திசையில் போயிற்று. அன்றைக்குப் புயல் காற்று சுழன்று சுழன்று அடித்ததால் சாம்பல் மலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் விழுந்தது. மிச்சம் வியட்நாம், கம்போடியா, மலேசியா வரைக்கும் போனது. கிளார்க்கிலிருந்து தப்பி வந்தவர்கள் ஒதுங்கிய சுபிக் விரிகுடா மலையிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி இருந்தும், ஈரச் சாம்பலில் மூழ்கிக் கட்டடங்கள் சரிந்தன. கடைசியில் அங்கிருந்தும் கப்பலேற்றி ஆயிரக்கணக்கானவர்களைச் செபு தீவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

கூரைமேல் விழுந்தது விறகு எரிந்த சாம்பலைப் போல ஊதினால் பறக்கிற பொருள் இல்லை. அது பொடியாகச் சிதறிய பாறையும் கண்ணாடியும். தண்ணீரில் கரையாது, மட்காது. புதிதாக விழுந்து உலர்ந்திருக்கும்போது ஒரு கன மீட்டர் எரிமலைச் சாம்பலின் எடை 500 முதல் 1,300 கிலோ. நனைந்துவிட்டால் 1,000 முதல் 2,000 கிலோ. துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் தண்ணீர் புகுந்து தங்கிவிடுவதால் கனம் இப்படிக் கூடுகிறது. ஈரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், சாய்வான கூரையிலிருந்துகூட எளிதில் வழுக்கி விழாது. தண்ணீர் வடியும் குழாய்களையும் அது அடைத்துவிடும். மழை பெய்யப் பெய்யப் பாரம் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரையின் பரப்பு 10 மீட்டருக்கு 6 மீட்டர், அதாவது 60 சதுர மீட்டர். மேலே 17 சென்டிமீட்டர் ஈரச் சாம்பல். எடையைக் குறைவாகவே, கன மீட்டருக்கு 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர்மேல் 204 கிலோ. மொத்தக் கூரைமேல் 12 டன்னுக்கு மேல். செங்கல் ஏற்றிய லாரியை அப்படியே தூக்கி வீட்டின்மேல் நிறுத்தினால் எப்படியோ அப்படி. அந்தக் கூரையோ நெளி தகரமும் மரச் சட்டமும். சதுர மீட்டருக்கு 15, 20 கிலோவுக்கு மேல் அதற்குச் சொந்த எடையே கிடையாது. தன் எடையைப் போலப் பத்து மடங்கை அது சுமக்க வேண்டியிருந்தது.

இதற்காகக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. பனி கொட்டும் நாடுகளில் கூரையைப் போடும்போதே அதன்மேல் சேரப்போகும் பனியின் பாரத்தைக் கணக்கில் கொள்வார்கள். வெப்ப நாடுகளில் அந்தக் கவலை இல்லை. புயல் நாட்டில் கூரைக்கு வரும் ஆபத்தே வேறு: காற்று தகரத்தைப் பிய்த்து மேலே தூக்கும். அதனால் ஆணியும் கம்பியும் கொண்டு கூரையைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுவார்கள். மேலிருந்து அழுத்தும் பாரம் என்று பார்த்தால், ஒழுகுகிற இடத்தை அடைக்க ஏறும் ஆள் ஒருவரைத் தாங்கினால் போதும். தலைமுறை தலைமுறையாக மேல்நோக்கிய விசைக்குத் தயாரான கூரை, 1991 ஜூன் 15 அன்று கீழ்நோக்கிய விசையைச் சந்தித்தது.

அகலம் செய்த கேடு

எல்லாக் கூரைகளும் விழுந்துவிடவில்லை. ஒரே தெருவில், ஒரே அளவு சாம்பலைச் சுமந்த இரண்டு கட்டடங்களில் ஒன்று நின்றது, இன்னொன்று விழுந்தது. ஏன்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராபின் ஸ்பென்ஸும் அவருடைய குழுவினரும் காஸ்டியேஹோஸில் கட்டடம் கட்டடமாகப் போய்ப் பார்த்தார்கள். அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது, சுவருக்குச் சுவர் இடைவெளி அதிகமுள்ள அகலமான கூரைகள் கூடுதலாகச் சேதப்பட்டிருந்தன என்பது.

இதற்கான காரணம் பொறியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பாடம். இரண்டு பக்கமும் தாங்கலில் கிடக்கும் உத்தரத்தின்மேல் பாரம் சீராகப் பரவியிருந்தால், அதை வளைக்கப் பார்க்கும் விசைத்திருப்பம் இடைவெளியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மூன்று மீட்டர் இடைவெளியில் கிடக்கும் மரத்தை ஆறு மீட்டர் இடைவெளியில் போட்டால் வளைக்கும் விசைத்திருப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. நடுவில் அது தொய்யும் அளவோ பதினாறு மடங்கு. அகலமான கூடத்துக்குத் தடித்த மரமோ இரும்புச் சட்டமோ போடுவார்கள்தான். ஆனால் அதையும் லேசான கூரைக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவே போடுவார்கள்.

முறிவு ஆரம்பிக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் அது இணைப்பில்தான் ஆரம்பிக்கும்: ஆணி அடித்த மூட்டு, கறையான் அரித்த நுனி, சுவர்மேல் அரை அங்குலமே அமர்ந்திருக்கும் கைமரம். ஒரு கைமரம் போனதும் அதன் பாரம் பக்கத்துக் கைமரத்துக்கு மாறும். ஏற்கெனவே தன் எல்லையில் நிற்கும் அதுவும் போகும். அதனால்தான் சாம்பல் மணிக்கணக்கில் சேர்ந்தாலும் கூரை நொடிகளில் விழுகிறது. உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு, மரம் கிறீச்சிடுவதும், நடு உத்தரம் தொய்வதும், கதவு நிலையில் இறுகித் திறக்க மறுப்பதும்தான். பெருவெடிப்பின் இருட்டில், வெளியே கல்மழை பெய்யும்போது அந்த அறிகுறியைக் கண்டு வெளியே ஓட எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

அகலமான கூரை எந்தக் கட்டடங்களில் இருக்கிறது என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். பள்ளிக்கூட மண்டபம், தேவாலயம், உள்விளையாட்டரங்கம், கிடங்கு, சந்தைக் கூடம். ஊரைக் காலி செய்தவர்களைக் கொண்டுபோய்த் தங்க வைப்பதும் அங்கேதான். வெள்ளத்துக்கு மேடாக இருப்பதும், நூறு பேர் படுக்க இடமிருப்பதும் மட்டுமே புகலிடத்துக்குத் தகுதி என்றால், சாம்பல் விழும் நாளில் ஊரிலேயே ஆபத்தான கூரைக்கடியில்தான் ஊரைக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். சாம்பல் விழக்கூடிய இடத்தில் சிறிய அறைகளும் நெருக்கமான சுவர்களும் காங்கிரீட் தளமும் கொண்ட கட்டடமே மேல்.

இது புதிதாகக் கண்ட உண்மையும் இல்லை. கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தபோது பொம்பெய் நகரில் முதல் கட்டத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் நுரைக்கல் குவிந்து கூரையும் சுவரும் சரிந்ததால் இறந்தவர்களே. தீ மேகம் மறுநாள்தான் வந்தது.

விழுந்த வீடுகள், பிழைத்த மனிதர்கள்

கட்டடம் விழுவதும் மனிதர் சாவதும் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஊர்கள் இதற்குச் சாட்சி.

1973 ஜனவரி 23 அதிகாலையில், ஐஸ்லாந்துக்குத் தெற்கே ஹெய்மாய் தீவில், ஊரின் விளிம்பிலேயே நிலம் பிளந்து எரிமலை கிளம்பியது. முந்தைய நாள் அடித்த புயலால் மீன்பிடிப் படகுகளெல்லாம் துறைமுகத்தில் நின்றிருந்தன. ஏறத்தாழ 5,300 பேரும் அந்த இரவே அவற்றில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். பிறகு தொண்டர்கள் ஊருக்குத் திரும்பி, எரிமலைப் பக்கம் பார்த்த சன்னல்களில் தகரம் அடித்தார்கள். கூரைகளில் ஏறிச் சாம்பலை மண்வெட்டியால் வாரிக் கொட்டினார்கள். முன்னேறி வந்த பாறைக்குழம்பின்மேல் கடல் நீரைப் பாய்ச்சி உறையவைத்தார்கள். ஏறத்தாழ 400 வீடுகள் போயின. பல வீடுகள் மண்வெட்டியால் பிழைத்தன. உயிர்ச்சேதம் ஒன்றே ஒன்று.

பாப்புவா நியூகினியின் ரபௌல் நகரம் எரிமலைப் பெருவாயின் கரையிலேயே இருக்கிறது. 1937 வெடிப்பில் அங்கே ஏறத்தாழ ஐந்நூறு பேர் இறந்தார்கள். 1983 முதல் 1985 வரை நிலம் விடாமல் அதிர்ந்தபோது, எந்தத் தெரு மக்கள் எந்தச் சாலை வழியே எங்கே போவது என்று திட்டம் போட்டு ஒத்திகையும் பார்த்தார்கள். அப்போது வெடிப்பு வரவில்லை. வீண் வேலை என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். 1994 செப்டம்பர் 18 அன்று நிலம் மறுபடி கடுமையாக அதிரத் தொடங்கியதும், மக்கள் ஆணைக்குக் காத்திராமல் அன்றிரவே நகரைவிட்டு நடந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணியளவில் தவுர்வுர் என்ற எரிமலை வெடித்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு வளைகுடாவின் எதிர்ப்புறத்தில் வல்கன் என்ற இன்னொரு எரிமலை வெடித்தது. ஈரச் சாம்பலில் நகரின் ஒரு பகுதி முழுக்கக் கூரைகள் தரையோடு தரையாயின. சில ஆண்டுகளில் மாகாணத் தலைநகரையே கொகோபோவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் இறந்தவர்கள் ஐந்து பேர்தான். கூரைகள் காஸ்டியேஹோஸில் விழுந்ததைப் போலவேதான் விழுந்தன. அடியில் ஆள் இல்லை.

கூரையைச் சுத்தம் செய்வதற்கும் முறை உண்டு. சாம்பல் சில சென்டிமீட்டராக இருக்கும்போதே, உலர்ந்திருக்கும்போதே வாரிவிட வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ முயன்றால் பாரம்தான் கூடும். ஒரு பக்கத்தை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் சமநிலை குலையும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஏற்கெனவே தொய்ந்த கூரைமேல் ஏறவே கூடாது. பினட்டுபோவில் இவற்றுக்கெல்லாம் அவகாசமே இல்லை. சாம்பல், புயல், இருட்டு மூன்றும் ஒரே பிற்பகலில் வந்தன. அந்த நிலையில் கூரைக்கான ஒரே பாதுகாப்பு, அதனடியில் முன்பே ஆள் இல்லாமல் இருப்பதுதான்.

முகாமில் நடந்தது

தீ மேகத்துக்குத் தப்பிய ஐட்டா மக்களுக்கு அடுத்த சோதனை சமவெளியில் காத்திருந்தது. பல தலைமுறைகளாக மலையில் சிதறிச் சிதறி வாழ்ந்தவர்களை, கூடாரங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நெருக்கமாகக் குடியமர்த்தினார்கள். ஒதுங்கி வாழ்ந்ததால் அவர்களுடைய குழந்தைகளில் பலருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி எட்டியிருக்கவில்லை. தட்டம்மை மனிதனைத் தாக்கும் நோய்களில் மிக வேகமாகப் பரவும் ஒன்று. அதற்குத் தேவை, தடுப்பாற்றல் இல்லாத குழந்தைகளும் நெருக்கடியான இடமும். முகாமில் இரண்டும் இருந்தன. தட்டம்மையும், அதன்பின் வந்த நிமோனியாவும், வயிற்றுப்போக்கும் சேர்ந்து நூற்றுக்கணக்கான உயிர்களை வாங்கின. முகாம்களில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐட்டாக்கள். அவர்களிலும் குழந்தைகளே அதிகம்.

முகாமில் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் வேற்று மொழி பேசும், முன்பின் அறியாத மனிதர்கள் ஊசியோடு வந்தால் மலையிலிருந்து வந்த தாய் எப்படி நம்புவாள்? இங்கே வேண்டியிருந்தது மருந்தைவிட, அவளுடைய மொழியில் பேசக்கூடிய, அவளுக்குத் தெரிந்த ஆள். அப்படிப்பட்டவர்களை வெடிப்புக்குப் பிறகு தேட முடியாது. மலையில் அதிர்வுமானி வைத்த ஏப்ரல் மாதத்திலேயே தடுப்பூசிக் குழுவும் மலையேறியிருந்தால் பல குழந்தைகள் பிழைத்திருக்கும்.

ஆற்றில் இறங்கிய மலை

ஜூன் 15 இரவு வெடிப்பு ஓய்ந்தபோது 1,745 மீட்டர் உயரமிருந்த மலை 260 மீட்டர் குட்டையாகியிருந்தது, உச்சியில் 2.5 கிலோமீட்டர் அகலப் பெருவாய். எட்டாயிரம் வீடுகள் அடியோடு அழிந்திருந்தன. 73,000 வீடுகள் சேதமடைந்திருந்தன. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் கன கிலோமீட்டர் கணக்கில் தளர்ந்த மணலும் சாம்பலும் கிடந்தன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது குழைந்த காங்கிரீட்டின் அடர்த்தியோடு ஆறுகளில் இறங்கியது. எரிமலையாளர்கள் இதை லாஹார் என்பார்கள்.

லாஹார் வீட்டை இடிப்பதைவிடப் புதைப்பதே அதிகம். மலைக்குத் தென்கிழக்கே 35 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பக்கோலோர் நகரம் இதற்கு எடுத்துக்காட்டு. வெடிப்பு நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 1 அன்று, ஒரு புயல் மழையில் லாஹார் அந்த ஊரின்மேல் வந்தது. அங்குள்ள புனித கியேர்மோ தேவாலயம் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். அதில் பாதி மண்ணுக்குள் போனது. மக்கள் அதைக் கைவிடவில்லை. புதைந்த பீடத்தைத் தோண்டி எடுத்து, கூரைக்குக் கீழே மிஞ்சிய உயரத்துக்குள் பொருந்தும்படி மறுபடி நிறுத்தினார்கள். உள்ளே ஆறு மீட்டர் மண்ணின்மேல் புதிய தரை போட்டார்கள். முன்பு மேல் சன்னல்களாக இருந்தவை இன்று வாசற்படிகள். வழிபாட்டுக்கு வருபவர்கள் அவற்றின் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

தேவாலயத்தின் கல்சுவர் இதைத் தாங்கியது. தகரக் கூரை வீடுகள் தாங்கவில்லை. வெடிப்புக்காக ஒருமுறை ஊரைக் காலி செய்தவர்கள், லாஹாருக்காக ஆண்டுக்கு ஆண்டு காலி செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் அரசு பம்பாங்கா மாகாணத்தில் மிகப் பெரிய அணைக்கரையை எழுப்பியது. அதற்குள் பல ஊர்க்காரர்கள் நிரந்தரமாக வேறிடம் போய்விட்டார்கள். எரிமலையிடமிருந்து ஓடுவது ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்த திட்டங்கள், வீடு திரும்புவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம், திரும்பவே முடியாமலும் போகலாம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

என்ன கற்றோம்?

பினட்டுபோ முன்னறிவிப்பு எரிமலையியலின் பெரிய வெற்றி. குறைந்தது 5,000 உயிர்களும் 25 கோடி டாலர் சொத்தும் அதனால் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்கப் புவியியல் அளவாய்வுத் துறையின் மதிப்பீடு. சில அதிர்வுமானிகள், ஒரு வாயு அளவி, ஒரு வீடியோ நாடா, கேலிக்கு அஞ்சாத சிலர், இவ்வளவைக் கொண்டு கிடைத்த பலன் இது. அந்தப் புகழில் ஒரு துளியையும் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெற்றி அளவிட்டது, மக்களை எங்கிருந்து அகற்றினோம் என்பதை மட்டும். எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எரிமலையாளர் இல்லை. கூரையின் இடைவெளியை அளக்கும் பொறியாளரும், தடுப்பூசிப் பட்டியலைப் பார்க்கும் சுகாதாரச் செவிலியரும், ஆற்றின் போக்கைப் படிக்கும் நீரியலாளரும், மலைவாழ் மக்களின் மொழி தெரிந்த ஆசிரியரும். பினட்டுபோவில் மலையைக் கவனிக்க ஒரு குழு இருந்தது. ஊரின் கூரைகளைக் கவனிக்க எவரும் இல்லை.

எரிமலைக்கு அருகே வாழும் எந்த நகரமும் தன் திட்டத்தைச் சோதிக்க வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். புகலிடம் என்று குறித்த கட்டடத்தின் கூரை சதுர மீட்டருக்கு 200 கிலோ ஈரச் சாம்பலைத் தாங்குமா? அங்கே தங்கப்போகும் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்றா? மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டம், மக்களை நெருப்பிலிருந்து அகற்றும் திட்டம் மட்டுமே. அவர்களைக் காப்பாற்றும் திட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.